வாய்க்காலோரக் கிழங்கு

 

காவிரி பாயும் நம் தஞ்சைத் தரணியில் ஒரு வீட்டின் நலத்தை விசாரிப்பவர்கள், ‘சோறு ஆக்கியாயிற்றா?’ என்றே கேட்பார்கள். நெல் விளையும் மண்ணில் பிறந்த நமக்குச் சோறு ஒன்றே உணவு. சேனையும் சேம்பும் வறுவலாகச் சோற்றுக்குத் துணை வந்தால் வரவேற்போம். அந்தக் கிழங்கே சோற்றின் இடத்தில் வந்து அமர்ந்துவிட்டாலோ, அவ்வீட்டில் வறுமை புகுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். இந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை என்னிடம் ஓதிய ஒரு சிறுவனால் நான் உணர நேர்ந்தது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 முடிய எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. அவற்றுள் 2016 மிகக் கொடியது. ஆற்று நீர் தாமதமாக வந்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சம்பாப் பயிர் வயலிலேயே கருகிற்று. அதற்கடுத்த 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் மாலை மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உணவு உண்ணும்போது ஓதும் துஆவைக் கற்பித்த அன்று, “நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். சோறு, இட்டிலி, பரோட்டா என்று விடைகள் வந்தன. ஒரு சிறுவன் மட்டும் தயங்கி, “கிழங்காணம்” என்றான். “வேறென்ன?” என்றேன். “அது மட்டும்தான் ஹஜ்ரத்” என்றான். பக்கத்தில் இருந்தவன், “அது மாட்டுக்குக் குடுக்கிற தண்ணிடா!” என்று சொல்ல, வகுப்பு முழுவதும் சிரித்தது.

உண்மையை மறைப்பானேன்? நானும் புன்னகைத்துவிட்டேன். கண்டிக்க வேண்டிய நான் கண்டிக்கவில்லை. அடுத்த மூன்று நாட்கள் அச்சிறுவன் மக்தபுக்கு வரவில்லை.

நான்காம் நாள் அஸருக்குப் பின் அவன் வீட்டிற்குச் சென்றேன். தகப்பனார் குத்தகை நிலத்தில் பயிரிட்டு, போட்ட முதலையும் இழந்து, கூலி வேலை தேடி வெளியூர் போயிருந்தார். எண்பதைக் கடந்த அவனுடைய நன்னி திண்ணையில் அமர்ந்திருந்தார். பையனை நான் கேட்குமுன்பே, “சிரிச்சாங்களாமே ஹஜ்ரத்” என்றார். எனக்குத் தலை தாழ்ந்தது. சற்று நேரத்தில் உள்ளிருந்து ஒரு கோப்பை வந்தது. “உங்களுக்குக் குடுக்குற பண்டமா இது? ஆனா வேறெதுவும் இல்லே” என்றார் அம்மூதாட்டி.

மிளகும் சீரகமும் மணக்க, தேங்காய்ப்பாலில் மிதந்த கிழங்குத் துண்டுகள் வாயில் வைத்ததும் கரைந்தன. இரண்டாம் கோப்பையை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பின்னர் அவர் பழைய கதையொன்றைச் சொன்னார். அவருடைய வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அவ்வாண்டே பர்மாவும் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பல் நின்றது, கடிதமும் பணமும் நின்றன. நம் கீழத்தஞ்சையில் சபுராளிகளின் வருவாயை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் கையற்று நின்ற காலம் அது. கொல்லைச் சேம்பை ஆணமாக்கியே அவருடைய உம்மா பிள்ளைகளைக் காப்பாற்றினாராம். போர் முடிந்து ஊர் திரும்பிய வாப்பா, அங்கே அரிசி கிடைக்காமல் மரவள்ளியைத் தின்றே உயிர் வாழ்ந்ததாகச் சொன்னாராம். “கடலுக்கு அந்தப் பக்கமும் கிழங்கு, இந்தப் பக்கமும் கிழங்கு. அதைப் பார்த்துச் சிரிக்கலாமா ஹஜ்ரத்?” என்று கேட்டார் மூதாட்டி.

வீடு திரும்பும் வழியில், பலமுறை பாடம் நடத்திய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்து என்னை நிறுத்தியது. ஸஹீஹுல் புகாரியில் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. மதீனாவில் ஒரு மூதாட்டி இருந்தார். அவருடைய பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. தம் தோட்டத்து வாய்க்காலோரங்களில் அவர் ‘சில்க்’ என்னும் செடியைப் பயிரிட்டு வந்தார். அது இன்றைய பீட்ரூட் இனத்தைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் அதன் வேர்களைப் பிடுங்கிப் பானையிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துக் காய்ச்சுவார். இறைச்சியின் இடத்தில் அந்த வேரே இருக்கும். ஜும்ஆ முடிந்து வரும் தோழர்கள் அவருக்கு ஸலாம் உரைத்து, அவர் தரும் உணவை உண்பார்கள். அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமையை ஆவலோடு எதிர்பார்த்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) அவர்கள் கூறுகின்றார்கள்.

வாய்க்காலோரத்து வேர், ஒரு பிடி தானியம், ஒரு பானைத் தண்ணீர்! மதீனத்து நன்மக்கள் விரும்பி உண்ட உணவு இதுதான். நூலில் படித்தபோது போற்றிய நான், அதையே ஓர் ஏழைச் சிறுவன் சொன்னபோது சிரித்திருக்கின்றேன். மறுநாள் மக்தபில் அச்சிறுவனை அருகில் அமர்த்தி, அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டே இந்த ஹதீஸைச் சொன்னேன். அன்று எவரும் சிரிக்கவில்லை.

சகோதரிகளே! அந்த மூதாட்டி சொல்லித் தந்த பக்குவத்தை உங்களுக்கும் தருகின்றேன். ஆறு பேருக்கு மரவள்ளிக்கிழங்கு அரைக் கிலோவும் சேப்பங்கிழங்கு கால் கிலோவும் போதும். மரவள்ளியின் மேல்தோலையும் அதனடியிலுள்ள தடித்த தோலையும் உரித்து, நடுநாரை நீக்கி, சிறு துண்டுகளாக அரிந்து சிறிது நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். பின்னர் வாயகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். சேப்பங்கிழங்கைத் தோலோடு தனியே வேகவைத்து உரித்து நறுக்குங்கள்.

ஒரு பிடி நொய்யரிசி, ஒரு பிடி பாசிப்பருப்பு, உரித்த பூண்டு ஆறு பல், மஞ்சள் தூள் இவற்றை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். கிழங்குகளையும், சிறு நெல்லிக்காயளவு புளியின் கரைசலையும், மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி பொடித்ததையும், உப்பையும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அரைமூடித் தேங்காயின் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கி, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள்.

இப்பக்குவத்தில் எதையும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். பச்சை மரவள்ளியில் சயனைடு நச்சாக மாறக்கூடிய பொருள் இயல்பிலேயே உண்டு. தோலில் அது மிகுதி. மழையற்ற ஆண்டில் விளைந்த கிழங்கில் இன்னும் கூடும். திறந்த பாத்திரத்தில் வேகும்போது நச்சு ஆவியோடு வெளியேறும். எஞ்சியதில் பெரும்பகுதி வடித்த நீரோடு போய்விடும். வெந்த பின்னும் கசக்கும் கிழங்கை உண்ண வேண்டாம். சேம்பு நாக்கை அரிப்பதற்குக் காரணம் அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அதனால்தான் நம் முன்னோர் நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்தனர். 100 கிராம் மரவள்ளியில் புரதம் ஒன்றரைக் கிராம்கூட இல்லை. ஆகவே பருப்பையோ, கிடைத்தால் மீனையோ சேர்க்காமல் இருக்க வேண்டாம். மாவுச்சத்து மிகுந்த உணவாதலால் நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு அருந்துவது நலம்.

மரவள்ளி நம் மண்ணுக்கு வந்தேறிய பயிர். தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், மக்களின் பசி தீர அதைப் பரவலாகப் பயிரிடச் செய்தார். நெல் கருகும் வறட்சியிலும் தாக்குப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு. வயலில் நெல் மடிந்த அந்த ஆண்டிலும் அச்சிறுவனின் கொல்லையில் மரவள்ளி நின்றது. கைகால் கழுவும் நீர் ஓடிய கிணற்றடியில் சேம்பு தழைத்தது.

ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக் கொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதை நாம் அறிவோம். ஒரு குவளைத் தண்ணீர் கூடினாலும் சுவை கெடாத உணவு இந்தக் கிழங்காணம். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் இதனைக் காய்ச்சுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை அனுப்பும்போது அதை உங்கள் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். அடுத்தவர் பானையைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் அப்பிள்ளைக்கு வாராது, இன்ஷா அல்லாஹ்.