ஏப்ரலில் வேண்டிய பணம் மார்ச்சில் வருகிறது

டெல்டாவில் வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு ஒரு கெடு உண்டு. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும். சில நாட்களில் தண்ணீர் கல்லணையைத் தொட்டுவிடும். அதன்பின் வாய்க்காலில் இறங்கும் பொக்லைன் சேற்றைக் கலக்குமே தவிர மண்ணை அள்ளாது. நிதி மே கடைசியில் ஒதுக்கப்பட்டு, டெண்டர் முடிந்து, தண்ணீர் வரும் நேரத்தில் எந்திரம் இறங்கிய ஆண்டுகளை இந்தப் பக்கத்து விவசாயிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். 2022-ல் நடந்தது வேறு. ஏப்ரல் கடைசியிலேயே வேலை தொடங்கியது. 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் தூர்வாரத் திட்டம். நீர்வரத்து நன்றாக இருந்ததால் அந்த ஆண்டு அணை மே 24-லேயே திறக்கப்பட்டது. அதற்குள் பெரும்பகுதி வேலை முடிந்திருந்தது.

தமிழக பட்ஜெட்டில் 80 கோடி என்பது கண்ணுக்கே தெரியாத தொகை. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் அரசிடம் அந்தப் பணம் இருந்தது, அதிகாரிகளும் இருந்தார்கள், வாய்க்கால்களும் அவைதான். மாறியது மாதம்.

நான் கருவூலத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து உதவிக் கருவூல அலுவலராக ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி டெல்டாவின் சார்கருவூலங்களில் கழிந்தது. அரசுச் செலவைப் பற்றிய விவாதம் எல்லாம் ‘எவ்வளவு’ என்ற கேள்வியையே சுற்றி வருகிறது. இலவசங்கள் கூடுதலா, கடன் கூடுதலா, சம்பளம் கூடுதலா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால் பில்களுக்கு நடுவே வாழ்ந்தவனுக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, பணம் எந்த மாதத்தில் வேலை செய்யும் இடத்துக்கு வந்து சேர்கிறது என்பதுதான். இதைச் சரிசெய்யாமல் செய்யப்படும் எந்தச் சிக்கனமும் கடைசியில் ஏழையின் தலையில் விடியும் என்பது என் உறுதியான கருத்து.

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு சார்கருவூலத்துக்குள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? நான் சொல்வது பில்கள் காகிதத்தில் வந்த காலம். கவுன்ட்டரில் டோக்கன் போடும் உதவியாளருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் ஓர் எழுத்தர், அக்குளில் பில் கட்டு. நாற்காலி வாங்கிய பில், பீரோ வாங்கிய பில், பிரிண்டர் வாங்கிய பில், பயிற்சி வகுப்பு நடத்திய பில். சரண்டர் செய்யாமல், அதாவது திருப்பி ஒப்படைக்காமல், விட்ட நிதி 31-ம் தேதியோடு லேப்ஸ் (காலாவதி) ஆகிவிடும். லேப்ஸ் ஆனால் அடுத்த ஆண்டு ‘உங்களுக்குத் தேவையில்லை போலிருக்கிறதே’ என்று ஒதுக்கீட்டை வெட்டிவிடுவார்கள். அந்தப் பயம்தான் அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தும். கருவூலத்தின் வேலை, கணக்குத் தலைப்பு சரியா, ஒதுக்கீடு இருக்கிறதா, கையெழுத்து பொருந்துகிறதா, வவுச்சர் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த நாற்காலி உங்களுக்குத் தேவையா என்று கேட்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது.

அப்படியொரு மார்ச்சில் ஒரு தலைமை ஆசிரியை வந்து நின்றார். ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும் சின்னப் பள்ளி. “சார், இன்னைக்கு பாஸ் ஆயிடுங்களா?” என்றார். ஆய்வகப் பொருள் வாங்கிய பில். “ஆயிடும் டீச்சர், உட்காருங்க” என்றேன். காத்திருக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார். ஐப்பசி மழையில் வகுப்பறைக் கூரை ஒழுகி, பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார். ஓடு மாற்றச் சொல்லி எழுதியதற்கு நிதி இல்லை என்று பதில். இப்போது திடீரென்று, பத்து நாளில் செலவழித்து பில் போடு என்று ஆய்வகப் பொருளுக்குப் பணம். “இந்தக் காசுல ஓடு மாத்த முடியாதுங்களா சார்?” என்று கேட்டார். முடியாது. தலைப்பு வேறு. விதிப்படி நான் சொன்ன பதில் சரிதான். அந்த விதிதான் சரியில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இது ஏதோ ஒரு அலுவலகத்தின் சோம்பல் அல்ல. நாட்காட்டியைப் பார்த்தாலே காரணம் புரியும். பட்ஜெட் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ சட்டமன்றத்தில் வைக்கப்படும். மானியக் கோரிக்கை விவாதம் அதன்பின். நாடாளுமன்றத் தேர்தல் வந்த 2024-ல் அது ஜூன் கடைசிக்குப் போனது. அமைச்சர் அறிவிப்பு வெளியிட்டதும் துறை கருத்துரு அனுப்ப வேண்டும், நிதித் துறை அதைத் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்கும், பிறகு அரசாணை, பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், பிறகு டெண்டர். இதற்குள் அக்டோபர். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை எந்தக் கட்டட வேலையையும் நடக்க விடாது. பொங்கல் கழிந்தால் ஜனவரி பாதி போய்விடும். மிச்சம் இரண்டரை மாதம். பன்னிரண்டு மாத நிதியாண்டு என்று நாம் பேசிக்கொண்டிருப்பது களத்தில் உண்மையில் அவ்வளவுதான்.

ஒன்றிய அரசிலும் இதே நோய் இருந்தது. கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறிய செயல் என்றே 2017-ன் பொது நிதி விதிகள் சொல்கின்றன. கடைசி மூன்று மாதங்களில் 33 சதவீதத்துக்கு மேல் கூடாது, மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று நிதி அமைச்சகம் தன் துறைகளுக்கு வரம்பும் வைத்தது. 2017-ல் பட்ஜெட் நாளையே பிப்ரவரி முதல் தேதிக்கு முன்னே இழுத்தார்கள். மார்ச் 31-க்குள் ஒப்புதல் முடிந்தால் ஏப்ரலிலேயே செலவு தொடங்கலாம் என்பது கணக்கு. நல்ல முடிவு. வரம்பு வைப்பதை மட்டும் நான் முழுதாக நம்பவில்லை. ஏப்ரலில் பணத்தைத் தராமல் மார்ச்சில் கதவை மூடினால், செலவாகாத பணம் செலவாகாமலே போகும். ஓடு மாறாது.

வரம்பைத் தாண்டவும் வழி உண்டு. பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுத்து வைப்புக் கணக்கிலோ வங்கிக் கணக்கிலோ போட்டுவிட்டால் ஏட்டில் அது செலவு. ஊரில் ஒரு செங்கல்கூட எழும்பியிருக்காது. தணிக்கைத் துறை இதைப் பல அறிக்கைகளில் பல மாநிலங்களைப் பற்றி எழுதிவருகிறது. சட்டமன்றத்தில் அந்த அறிக்கைகள் வைக்கப்படும் நாளில் கேமராக்கள் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

இனி ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒட்டியவை. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் 5.7 லட்சம் கோடி ரூபாய் என்றது. 2025-26 பட்ஜெட்டின்படி 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாய். மாநிலப் பொருளாதாரத்தின் அளவோடு வைத்துப் பார்த்தால் இது வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறது அரசு. இருக்கட்டும். அரசுக்கு வருவாயாக 100 ரூபாய் வந்தால் சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றுக்குமே ஏறத்தாழ 60 ரூபாய் போய்விடுகிறது. மிச்சத்தில் மானியங்களும் உதவித்தொகைகளும் பெரும்பங்கு. இவை எதிலும் கைவைக்க எந்த அரசுக்கும் துணிவு வராது. பலவற்றில் கைவைக்கவும் கூடாது. அதனால் சிக்கனம் என்று ஆணை வரும்போதெல்லாம் வெட்டு விழுவது இரண்டு இடங்களில். ஒன்று பராமரிப்பு. இன்னொன்று காலிப் பணியிடம். இரண்டுக்கும் வாய் கிடையாது. மாற்றாத ஓடு போராட்டம் நடத்தாது. நியமிக்கப்படாத சர்வேயர் தர்ணாவில் உட்கார மாட்டார்.

பராமரிப்பைக் கீழாகப் பார்க்கும் பழக்கம் ஆழமானது. திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்று பல பத்தாண்டுகள் பிரித்து வைத்திருந்தோம். புதுக் கட்டடம் திட்டத்தில் வரும், அதற்கு வெள்ளையடிப்பது திட்டம் சாராததில் வரும். முதலாவது வளர்ச்சி, இரண்டாவது வீண் செலவு என்றே அதிகாரிகள் மனதில் பதிந்துபோனது. இந்தப் பிரிவினையை எடுத்துவிடச் சொல்லி சி. ரங்கராஜன் குழு 2011-ல் பரிந்துரைத்தது. 2017-18-ல்தான் அது எடுக்கப்பட்டது. ஏட்டிலிருந்து போய்விட்டது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு, பராமரிப்புக்குக் கல்வெட்டு இல்லை என்ற நிலை போகவில்லை.

காலிப் பணியிடத்தின் செலவு எந்தக் கணக்குத் தலைப்பிலும் வராது. ஒரு கிராம நிர்வாக அலுவலர் பக்கத்து ஊருக்கும் கூடுதல் பொறுப்பு என்றால், திங்கள் இந்த ஊர், செவ்வாய் அந்த ஊர் என்பது ஏட்டில் இருக்கும் ஏற்பாடு. புதன் தாலுகா அலுவலகத்தில் கூட்டம், வியாழன் மனுநீதி நாள், வெள்ளி தேர்தல் பட்டியல் வேலை. அப்பா இறந்து அண்ணன் தம்பி நிலத்தைப் பிரித்துக்கொண்ட வீட்டில், உட்பிரிவு பட்டாவுக்கு நடப்பவர் ஒவ்வொரு நடைக்கும் அன்றைய கூலியை இழக்கிறார். பேருந்துக்குக் கொடுக்கிறார். பிறகு யாரோ ஒருவர் ‘நான் முடிச்சுத் தரேன்’ என்று வருகிறார், அவருக்கும் கொடுக்கிறார். அரசு மிச்சப்படுத்திய சம்பளத்தை அந்தக் குடும்பம் கட்டுகிறது. இதைச் சிக்கனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நிர்வாகச் சீர்திருத்தம் என்றால் ஊழியர்கள் முகம் ஏன் இறுகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2003 ஜூலையை யாரும் மறக்கவில்லை. ஓய்வூதியம் உள்ளிட்ட சலுகைகள் வெட்டப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது; ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமையில்லை என்று தீர்ப்பு வந்தது. பெரும்பாலானோர் மன்னிப்புக் கடிதம் கொடுத்துத் திரும்பினார்கள். அன்றிலிருந்து சீர்திருத்தம் என்றால் நம் வயிற்றில் அடிப்பது என்றே அலுவலகங்களில் பொருளாகிவிட்டது. ஊழியரை எதிரியாக வைத்துச் செய்த சீர்திருத்தம் மக்களுக்கு எந்தச் சேவையையும் விரைவாக்கவில்லை.

தாமதத்துக்கு விலை உண்டு என்பதைக் கருவூலத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். பில் பாஸாக ஆறு மாதம் ஆகும் என்று தெரிந்த ஒப்பந்ததாரர் அந்த ஆறு மாத வட்டியையும் சேர்த்துத்தான் டெண்டரில் விலை போடுகிறார். கையில் காசுள்ள பெரிய ஒப்பந்ததாரர் தாங்குவார். ஊர்க் கொத்தனார் மேஸ்திரி போட்டியிலிருந்தே விலகிவிடுவார். போட்டி குறைந்தால் விலை இன்னும் ஏறும். சத்துணவு அமைப்பாளர் காய்கறிக் கடையில் கடன் சொல்கிறார், கடைக்காரர் வாடிய கத்தரிக்காயை நிறுத்துப் போடுகிறார். தட்டில் விழுவது அது.

அரசுகளுக்கிடையிலான தாமதமும் இதே மாதிரிதான் கீழே இறங்குகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே. பணம் வராத மாதங்களை எண்ணியது பள்ளிகள். ஒப்புதல் பெற்ற நிதியை நிபந்தனைக்குப் பணயம் வைப்பதை, எந்தக் கட்சி ஆண்டாலும் நான் ஏற்க மாட்டேன்.

என்ன செய்யலாம்? பராமரிப்புக்கு நிர்வாக ஒப்புதல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஏன் வேண்டும்? பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கூரை இருக்கிறது, அது ஒழுகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பட்ஜெட் நிறைவேறிய உடனே, ஏப்ரல் முதல் பதினைந்து நாளுக்குள் அந்தத் தொகை தலைமை ஆசிரியர் கணக்குக்கும் மருத்துவ அலுவலர் கணக்குக்கும் போய்ச் சேர வேண்டும். கோடை விடுமுறையில் ஓடு மாறும், மழைக்கு முன் கழிவறை சரியாகும். சிறு தொகைகளில் தலைப்பு விட்டுத் தலைப்பு மாற்றிக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கே கொடுங்கள். கையாடல் நடக்கும் என்பார்கள். ஓடு மாறியதா இல்லையா என்பதைப் பெற்றோர் கூட்டம் நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். மார்ச் 31-ல் வாங்கி, பெட்டி பிரிக்காமல் கிடக்கும் பொருளைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

செலவாகாத நிதி லேப்ஸ் ஆவது அரசியல் சட்டம் சொல்வது, மாற்ற முடியாது என்று பதில் வரும். சட்டமன்றம் ஆண்டுக்கு ஆண்டு அனுமதி தர வேண்டும் என்ற அடிப்படை சரியானது, அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் வடகிழக்கு மாநிலங்களுக்காக, காலாவதியாகாத நிதித் தொகுப்பு ஒன்றை ஒன்றிய அரசு 1998 வாக்கில் உருவாக்கியது. வழி தேடினால் இருக்கிறது. பராமரிப்பு நிதியில் ஒரு பங்கையாவது அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல விட்டால் மார்ச் பயம் பாதி குறையும்.

காசு செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. இப்போது பில்கள் கணினி வழியே போகின்றன. எந்த பில் எந்த நாள், எந்த நேரம் சமர்ப்பிக்கப்பட்டது, யார் மேசையில் எத்தனை நாள் நின்றது, எப்போது பணம் போனது என்பதெல்லாம் அமைப்பில் தானாகவே பதிவாகிறது. துறை வாரியாக, மாவட்ட வாரியாக, மாதந்தோறும் அந்தத் தாமதக் கணக்கைப் பொது இணையதளத்தில் போடட்டும். எந்தத் துறையின் பணத்தில் எத்தனை சதவீதம் மார்ச்சில் போனது என்பதையும் பக்கத்திலேயே போடட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், குழு வேண்டாம். நிதித் துறையிலிருந்து ஒரே ஓர் அரசாணை போதும்.