பிள்ளைகளின் வறுமை குறைந்ததா? அளந்து பார்ப்பது எப்படி?

பள்ளிக்கூடத்தில் காலையில் உப்புமா. மத்தியானம் சோறும் முட்டையும். தாய் தகப்பனை இழந்த பிள்ளைக்கு மாதம் 2 ஆயிரம் ரூபாய்.

ஏழைப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட திட்டங்கள் ஒன்று இரண்டு அல்ல. பல உண்டு.

பணம் செலவாகிறது. சரி. அதனால் பிள்ளைகளின் வறுமை குறைந்ததா? எவ்வளவு குறைந்தது? யாருக்குக் குறையவில்லை?

இந்த மூன்று கேள்விகளுக்கும் சரியான பதில் வேண்டும். பதில் தெரியாவிட்டால் இரண்டு விதமான ஆபத்து உண்டு. பலன் தராத திட்டத்தில் பணம் போய்க்கொண்டே இருக்கும். அது ஒன்று. நல்ல பலன் தரும் திட்டத்தை, "இது எதற்கு?" என்று யாராவது நிறுத்திவிடுவார்கள். அது மற்றொன்று. எது நடந்தாலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான்!

ஒரே சர்வே, இரண்டு பதில்

டெல்லியில் உள்ள நிதி ஆயோக் 2023-ம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2015-16-ல் நூற்றுக்கு 4.76 பேர் ஏழைகளாக இருந்தார்கள். 2019-21-ல் அது 2.20 ஆகக் குறைந்துவிட்டது என்று அந்தக் கணக்கு சொன்னது. இந்தியா முழுவதற்கும் அதே கணக்கு நூற்றுக்கு 14.96.

நூறு பேரில் இரண்டே பேர்தான் ஏழைகள்! கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது அல்லவா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தேசிய குடும்ப நல சர்வே 2019-21-ல் நடந்தது. தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட நூறு பிள்ளைகளில் 25 பிள்ளைகள் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. 22 பிள்ளைகள் வயதுக்கு ஏற்ற எடை இல்லை. நூற்றுக்கு 57 பிள்ளைகளுக்கு ரத்தசோகை. 2015-16-ல் இது 51 ஆகத்தான் இருந்தது. குறையவில்லை, கூடியிருக்கிறது!

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நிதி ஆயோக்கின் கணக்கும் இதே சர்வேயில் இருந்து போடப்பட்டதுதான்.

அப்படியானால் எது உண்மை? இரண்டும் உண்மைதான்.

நிதி ஆயோக் 12 விஷயங்களைப் பார்த்தது. வீட்டில் மின்சாரம் உண்டா, கழிப்பறை உண்டா, பாங்கிக் கணக்கு உண்டா, சமையலுக்கு என்ன எரிபொருள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்பவை அவற்றில் சில. ரத்தசோகை அந்தப் பன்னிரண்டில் இல்லை.

வீட்டில் விளக்கு எரியும். அம்மாவுக்குப் பாங்கியில் கணக்கு இருக்கும். ஆனாலும் பிள்ளையின் உடம்பில் ரத்தம் இருக்காது. கணக்கில் அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் ஆகாது.

ஆகவே, அளக்கப் போகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதை வறுமை என்று சொல்லப் போகிறோம்? வீட்டின் வறுமையா? பிள்ளையின் வறுமையா?

கடையநல்லூரைப் பாருங்கள்

தென்காசிக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது கடையநல்லூர். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி சுமார் 90 ஆயிரம் பேர் வாழும் நகராட்சி. முன்பு நெல்லை மாவட்டத்தில் இருந்தது. 2019-ம் ஆண்டு தென்காசி தனி மாவட்டம் ஆனபோது அதில் சேர்ந்தது.

இந்த ஊரில் நெசவு பழைய தொழில். வயல் வேலை உண்டு. இந்தப் பக்கத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பும் ஆண்களும் நிறையப் பேர்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குழு வந்து, "உங்கள் மாத வருமானம் என்ன?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் கிடைக்கும்?

குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூலையில் கேட்டால், அங்கே போய்ச் சிறு வியாபாரம் செய்கிறவர் கையில் காசு இருக்கும். அருவி வறண்ட ஏப்ரலில் கேட்டால் இருக்காது. இலையும் தூளும் ஒழுங்காகக் கிடைக்கும் வாரத்தில் பீடி சுற்றும் தாய்க்குக் கூலி உண்டு. கிடைக்காத வாரத்தில் இல்லை. வெளிநாட்டில் தகப்பனார் வேலையில் இருக்கும்வரை வீடு செழிப்பாக இருக்கும். வேலை போய் ஊர் திரும்பினால் அடுத்த மாதமே கடன்!

ஒரு நாள் வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனால் வறுமை தெரியாது. வருஷத்தில் பல தடவை, அதே வீடுகளுக்குப் போக வேண்டும். வருமானத்தை மட்டும் கேட்டால் போதாது. பிள்ளையின் எடை, உயரம், ரத்தம், வருகை, வாசிப்பு இவற்றையும் பார்க்க வேண்டும். மனிதர் வாய் பொய் சொல்லலாம். தராசு பொய் சொல்லாது. ஆனால் அந்தத் தராசையும் முதலில் சரிபார்க்க வேண்டும்!

தொடங்கும் முன்பே அளக்க வேண்டும்

மதிப்பீடு என்பது திட்டம் முடிந்த பிறகு செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

வைத்தியர் மருந்து கொடுக்கும் முன்பு ஜுரம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்கிறார். அப்போதுதான் மருந்து கேட்டதா இல்லையா என்று பிறகு சொல்ல முடியும். பிள்ளைகளுக்கான திட்டமும் அப்படித்தான். தொடங்கும் முன்பு எடுத்த கணக்கு இல்லாவிட்டால், பின்னால் எதை எதோடு ஒப்பிடுவது?

முன்னும் பின்னும் பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. திட்டம் இல்லாமலே நிலைமை மாறியிருக்கலாம். மழை பெய்திருக்கும். விலைவாசி இறங்கியிருக்கும். அதனால் திட்டம் கிடைத்தவர்களையும், அவர்களைப் போலவே இருந்து திட்டம் கிடைக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொட்டாம்பட்டி சொன்ன பாடம்

இதைத் தமிழ்நாடு பல வருஷங்களுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறது.

1980-ம் ஆண்டு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் ஒரு திட்டம் தொடங்கியது. ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று பெயர். உலக வங்கி கடன் கொடுத்தது. பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது.

6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஒழுங்காக ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துணவு உருண்டை கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்தினார்கள். எடையைக் குறித்துவைக்க ஓர் அட்டை. கோடு மேலே போனால் நல்லது. கீழே இறங்கினால் ஆபத்து. எழுத்து தெரியாத தாய்க்குக்கூட அது புரிந்தது!

திட்டம் வந்த பகுதிகளையும் வராத பகுதிகளையும் ஒப்பிட ஏற்பாடு இருந்தது.

ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த பகுதிகளிலும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது.

பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் சங்கடம்! மிக மோசமான சத்துக்குறைவு குறைந்தது தெரிந்தது. அதில் எந்தத் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினமாகிவிட்டது.

பாடம் என்ன? ஒரு பிள்ளைக்கு ஒரே நேரத்தில் பல திட்டங்கள் வரும். எது எந்தத் தேதியில், எந்த ஊருக்கு வந்தது என்று முதலில் இருந்தே குறித்து வைக்க வேண்டும்.

காலை உணவு: வருகை கூடியது ஏன்?

1956-ம் ஆண்டு வாக்கில் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி காலை உணவும் வந்தது. மு.க.ஸ்டாலின் மதுரையில் அதைத் தொடங்கி வைத்தார். முதலில் 1,545 சர்க்கார் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்டில் எல்லா சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. 2024 ஜூலையில் கிராமத்து உதவி பெறும் பள்ளிகள். 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகள்.

மாநிலத் திட்டக் குழு இதை ஆராய்ந்தது. 1,543 பள்ளிகளைப் பார்த்ததில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. 2022 ஜூன், ஜூலை மாத வருகையோடு 2023 ஜனவரி, பிப்ரவரி மாத வருகையை ஒப்பிட்டுச் சொன்ன முடிவு இது.

நல்ல செய்திதான். ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். ஜனவரியில் பிள்ளைகள் பழகிப் போயிருப்பார்கள். வேறு வேறு மாதத்தை ஒப்பிடலாமா?

2022, கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகள் மீண்டு வந்துகொண்டிருந்த வருஷம். சாப்பாடு இல்லாவிட்டாலும் வருகை கொஞ்சம் கூடியிருக்குமோ?

இப்படிக் கேட்பதால் காலை உணவு வீண் என்று அர்த்தம் அல்ல. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது எப்போதும் நல்லதுதான். ஆனால் பலனைச் சந்தேகம் இல்லாமல் காட்ட வேண்டுமானால், அதே ஜனவரியில் காலை உணவு வராத பள்ளிகளில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

திட்டம் படிப்படியாக வந்தது அதற்கு வசதி. முன்னால் பெற்ற பள்ளியையும் பின்னால் பெற்ற பள்ளியையும் ஒப்பிடலாம். ஒரு எச்சரிக்கை உண்டு. சர்க்கார் பள்ளிப் பிள்ளையும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளையும் ஒரே மாதிரிக் குடும்பத்தில் இருந்து வருகிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெக்சிகோவில் நடந்தது

மெக்சிகோ நாட்டில் 1997-ம் ஆண்டு ஒரு திட்டம் வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒழுங்காக அனுப்பும் ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் கொடுத்தார்கள்.

எல்லாக் கிராமங்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணம் இல்லை. யாருக்கு முதலில் கொடுப்பது? ஆராய்ச்சிக்கு எடுத்த 506 கிராமங்களில், சீட்டுக் குலுக்கிப் போடுவது போல 320 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மீதி 186 கிராமங்களுக்குப் பிறகு கொடுத்தார்கள். இடையில் இரண்டையும் அளந்தார்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கூடியது தெளிவாகத் தெரிந்தது. முக்கியமாகப் பெண்பிள்ளைகள்!

2000-ம் ஆண்டு தேர்தலில், 71 வருஷமாக ஆண்ட கட்சி தோற்றது. புதிய ஆட்சி வந்தால் பழைய திட்டம் போய்விடும் என்பதே அங்கு வழக்கம். ஆனால் இந்தத் திட்டம் போகவில்லை. பெயர் மாறியது. நகரங்களுக்கும் பரவியது. 2019 வரை நீடித்தது. பலனைக் காட்டும் கணக்கு கையில் இருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

சீக்கிரம் தெரியாத பலன்

சில பலன்கள் ஒரு வருஷத்தில் தெரியாது.

இந்தியாவின் பள்ளிச் சாப்பாடு பற்றிய ஓர் ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. சிறு வயதில் பள்ளியில் சாப்பிட்ட பெண்கள் வளர்ந்து தாயானார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளிடம் உயரக் குறைவு குறைவாக இருந்தது என்று அது கண்டது. பாட்டி கொடுத்த நகை பேத்திக்கு வருவது போல, அம்மா சாப்பிட்ட சோறு பிள்ளைக்கு வந்து சேர்கிறது!

ஒரே வருஷத்தில் கணக்கை மூடியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

யாரை விட்டுவிட்டோம்?

பள்ளியில் போய் எண்ணினால், பள்ளிக்கு வந்த பிள்ளைதான் தெரியும். வராத பிள்ளை தெரியாது. ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்கிறவர்களின் பிள்ளை, ஊனமுற்ற பிள்ளை, பாட்டி வீட்டில் விடப்பட்ட பிள்ளை, அங்கன்வாடிக்கு இன்னும் வராத கைக்குழந்தை இவர்கள்தான் அதிகக் கஷ்டத்தில் இருப்பவர்கள். ஆகவே கணக்கெடுப்பு வீட்டு வாசலில் இருந்து தொடங்க வேண்டும்.

2025 செப்டம்பர் 15-ந் தேதி 'அன்புக் கரங்கள்' திட்டம் தொடங்கியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2 ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் அது. இதை அளக்கும்போது, பணம் பெற்றவர்களை மட்டும் பார்த்தால் போதாது. தகுதி இருந்தும் சர்டிபிகேட் இல்லாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். திட்டத்தை நடத்துகிறவரே அதற்கு மார்க் போடக் கூடாது. வேறு ஆட்கள் வந்து பார்க்க வேண்டும். அவர்கள் பிள்ளையின் மானத்தைக் காக்க வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்னாலும், "நீ ஏழையா? எழுந்து நில்!" என்று சொல்லிக் கணக்கெடுப்பது கணக்கு அல்ல. கொடுமை!

பெற்றோர் என்ன செய்யலாம்?

இது பெரிய அதிகாரிகளின் வேலை மட்டும் அல்ல. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் போகும் தாய் நான்கு கேள்விகள் கேட்கலாம். பிள்ளைகளின் எடை போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு? எத்தனை பேர் தடுமாறாமல் வாசிக்கிறார்கள்? தெருவில் பள்ளிக்கு வராத பிள்ளை யார்? இந்தக் கணக்கை எடுத்தது யார்?

2030-ம் ஆண்டுக்குள் வறுமையில் இருக்கும் ஆண், பெண், குழந்தைகளின் விகிதத்தைப் பாதியாகவாவது குறைக்க வேண்டும் என்று உலக நாடுகள் 2015-ல் ஐக்கிய நாடுகள் சபையில் ஒப்புக்கொண்டன. அந்தப் பெரிய கணக்குக்கு உலகம் எங்கும் உள்ள ஊர்களில் இருந்துதான் எண்கள் போய்ச் சேர வேண்டும். கடையநல்லூரில் ஓர் அங்கன்வாடித் தராசில் எழுதும் எண் சரியாக இருந்தால்தான், மேலே போய்ச் சேரும் எண்ணும் சரியாக இருக்கும்.