பேறுகாலத் துணை



அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் 'டூலா' என்றொரு பணி உண்டு. டூலா மருத்துவிச்சியல்ல, பிள்ளையை எடுப்பதுமில்லை, மருந்து கொடுப்பதுமில்லை. நோவு கண்டவளின் பக்கத்திலிருந்து முதுகைத் தடவி, தண்ணீர் பருக்கி, தைரியம் சொல்வதே அவள் வேலை. இரவு பகல் பாராத இப்பணிக்குப் பெண்கள் ஏன் வருகிறார்கள்? தம் பேற்றின்போது ஒருவர் கைபிடித்திருந்த நன்றியால் சிலர். யாருமின்றித் தவித்த வேதனையால் சிலர்.

நமக்கு இது புதிதல்ல. ஓரிரவு மதீனாவில், ஒரு கூடாரத்தில் பெண்ணொருத்தி துணையின்றி நோவால் துடிப்பதைக் கலீபா உமர் (ரலி) அவர்கள் அறிந்தார்கள். வீட்டுக்கு விரைந்து, அல்லாஹ் கொண்டுவந்து தந்த நன்மையொன்று வேண்டுமா என மனைவி உம்மு குல்தூம் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். நபிகளாரின் பேத்தியான அவர்கள் உடனே புறப்பட்டு, உள்ளே துணையிருந்தார்கள். மாவையும் கொழுப்பையும் முதுகில் சுமந்து வந்த கலீபா, வெளியே கணவனுடன் அமர்ந்திருந்தார்கள். இப்னு கஸீர் தமது வரலாற்று நூலில் இதனைப் பதிந்துள்ளார். அவர்களை இழுத்தது கூலியல்ல, நன்மையே.

பேறு நேரத்தில் தாய் விரும்பும் துணை அருகிலிருக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்கு நோவு நேரமும் சத்திரசிகிச்சையும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

எனவே, "அது ஆஸ்பத்திரிக்காரர் வேலை" என்று ஒதுங்காதீர்கள். யார் துணை வேண்டுமென்று மருமகளிடமே கேளுங்கள். ஆஸ்பத்திரியில் அனுமதியுண்டா என்று குடும்பநல மாதுவிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். உம்மா இல்லாத அயல்வீட்டுப் பிள்ளையையும் மறவாதீர்கள். கூடாரத்துப் பெண்ணும் உம்மு குல்தூம் (ரலி) அவர்களுக்கு உறவல்ல.

அல்லாஹ் நம் பெண்மக்களின் பேற்றை இலேசாக்குவானாக! ஆமீன்.