ஏவலுக்கு இறுகும் எண்ணெய்

கட்டடத்தின் வளையாயினும் விமானத்தின் சிறகாயினும் ஒவ்வொன்றுக்கும் தனக்கென இயற்கை மீடிறன் உண்டு. புறத்தேயிருந்து வரும் அதிர்வு அதனோடு ஒத்துவிடின் பரிவு நிகழும். சிறு தாக்கமும் பேரசைவாகும். இதனைத் தணித்தற்பொருட்டு இரு தகடுகளுக்கிடையே இறப்பர் போன்ற மென்படையை வைத்து ஒட்டுவர். தகடுகள் வளையுங்கால் நடுப்படை சறுக்குண்டு உருமாறி, அதிர்வின் சத்தியை வெப்பமாக்கிவிடும். முறை நன்றே, ஆயினும், அதிர்வு மாறுந்தோறும் அப்படையின் குணத்தை நாம் விரும்பியவாறு மாற்றல் இயலாது.

மாற்றத்தக்க நடுப்படைக்கு வழிகாட்டியவர் ஐக்கிய அமெரிக்காவின் வில்லிஸ் வின்ஸ்லோ ஆவர். அவர் 1947இல் ஆக்கவுரிமை பெற்று, 1949இல் தமது ஆய்வை வெளியிட்டார். மாப்பொருள், சிலிக்கா முதலியவற்றின் நுண்டுணிக்கைகளை மின்கடத்தா எண்ணெயிற் கலந்து, மில்லிமீற்றருக்குச் சில ஆயிரம் வோற்று அளவான மின்மண்டலத்தில் வைப்பின், துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலிகளாய் நிற்கும். எண்ணெய் சில மில்லிசெக்கன்களில் இறுகும். மின்னை நீக்கின் மீண்டும் இளகும். இவ்வெண்ணெயே நடுப்படையாயின், வளையின் விறைப்பும் தணிக்கும் ஆற்றலும் ஏவலுக்கு மாறும். இயற்கை மீடிறனும் பரிவினின்று விலகும். மின் தடைப்படினும், வளை பழைய அடுக்குவளையாகவே நிற்குமன்றித் தானே அதிர்வை வளர்க்காது.

இதனை விளையாட்டுப் பொருளென இகழ்வதும், எல்லா அதிர்வுக்கும் மருந்தெனப் புகழ்வதும் ஒருங்கே தவறென்பது எமது கருத்து. துணிக்கைகள் நாளடைவில் அடியிற் படியும். ஈரமும் வெப்பமும் குணத்தைக் கெடுக்கும். உயர் அழுத்த மின் பொறி பறக்கச் செய்யும். வழக்கமான கலவைகளின் உறுதியோ சில கிலோபஸ்காலே. 1948இல் ஜேக்கப் ரபினோ கண்ட காந்தவழித் திரவம் இதனினும் பன்மடங்கு வலிது. 2002ஆம் ஆண்டளவில் மோட்டார் வண்டியின் அதிர்வு தாங்கிகளிற் புகுந்துவிட்டது.

இக்குறைகளைக் கணக்கு மட்டும் தீர்க்காது. 2003இல் ஹொங்கொங் ஆய்வாளர், யூரியாப் போர்வையிட்ட அதிநுண் துணிக்கைகளால் நூறு கிலோபஸ்காலுக்கு மேற்பட்ட உறுதியைக் காட்டினர். அது இரசாயனம் தந்த விடை. பௌதிகம் எழுப்பிய வினாவுக்கு வந்தது. நம் மாணவரோ இரசாயனத்தை ஒரு கொப்பியிலும் பௌதிகத்தை வேறொரு கொப்பியிலும் எழுதி, பரீட்சை முடிந்ததும் இரண்டையும் மூடிவிடுகின்றனர். வினா எழுப்புவோரும் விடை தரத்தக்கோரும் ஒரே வகுப்பிலிருந்தும் ஒருவரையொருவர் அறியார்.

இதனை மாற்றப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சோளமாவைச் சமையலெண்ணெயிற் கரைத்து மெல்லிய தாரையாக ஊற்றி, உரோமத்திற் தேய்த்த பலூனை அருகே பிடித்தாற் போதும். தாரை தடித்து வளைவதைக் கண்ணாற் காணலாம். உயர் அழுத்த மின்னை மாணவர் தொடவும் வேண்டா. பொறியியற்றுறையிலுள்ள பழைய மாணவர், இரு பாடத்தாரும் சேர்ந்து செய்யும் இத்தகைய பரிசோதனை ஒன்றை ஆண்டுதோறும் வழிநடத்த முன்வருவாராயின், அதுவே எம் கல்லூரித் தாய்க்கு இவ்விழாவிற் செலுத்தும் நற்காணிக்கையாகும்.