புல்லட் ரயில்: போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு லட்சம் கோடி ரூபாய் செலவு என்கிறார்கள். தோப்பு துரவெல்லாம் பாதைக்குப் போகிறது. இத்தனை செலவு தகுமா? நாளை நம் பக்கமும் நிலம் எடுக்க வந்தால் விவசாயி என்ன செய்வது?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நெல் அறுவடை எந்திரம் வாங்க நினைப்பவர் அதன் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. பருவத்துக்கு எத்தனை ஏக்கர் கிடைக்கும், தவணை கட்டியது போக மிஞ்சுமா என்று பார்ப்பார். அதிவேக ரயிலுக்கும் அதே கணக்குதான்.

ஜப்பானில் டோக்கியோ–ஒசாகா பாதை 1964-இல் திறக்கப்பட்டது. மதிப்பீட்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கு செலவானது. ஆனாலும் தேறிவிட்டது. பழைய பாதையில் கடும் நெரிசல், வழியெங்கும் பெருநகரங்கள். பிறகு கூட்டம் குறைந்த பகுதிகளுக்கும் பாதை நீண்டது. 1987-இல் ஜப்பான் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபோது அதன் கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். காரணங்கள் பல, கடன் வாங்கிப் போட்ட புதிய பாதைகளும் அவற்றில் ஒன்று.

மும்பை–அகமதாபாத் பாதை 508 கி.மீ. 2017-இல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு சுமார் 1,08,000 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல். இதில் 81 சதவீதம் ஜப்பான் கடன். வட்டி 0.1 சதவீதம், தவணை 50 ஆண்டு. வட்டி குறைவுதான், ஆனால் கடன் யென்னில் இருப்பதால் ரூபாய் மதிப்பு இறங்கினால் அசலே பெருகும். 2023-க்குள் முடிப்பதாகச் சொன்ன கெடுவும் தவறிவிட்டது. மும்பை, சூரத், வடோதரா, அகமதாபாத் எனத் தொழில் நகரங்கள் வரிசையாக இருப்பதால், இந்தப் பாதையில் கூட்டம் வர வாய்ப்புண்டு. அப்படிக் கூட்டம் உறுதியாக உள்ள இடத்தில்தான் இந்தச் செலவு தகும். பெருமைக்காகப் போடும் பாதையைவிட, சாதாரண ரயிலும் சரக்கு ரயிலும் தாமதமின்றி ஓட இரட்டைப் பாதை போடுவதே கிராமத்துக்கு லாபம்.

பால்கர் பகுதி சப்போட்டா விவசாயிகளும் தெற்கு குஜராத் மா விவசாயிகளும் நிலம் தர மறுத்துப் போராடினார்கள். குஜராத் விவசாயிகளின் மனுக்களை உயர் நீதிமன்றம் 2019-இல் தள்ளுபடி செய்தது. இழப்பீட்டில் வேறு நிலம் வாங்கிக் கன்று நட்டாலும், அது காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்கால வருமானம்தான் விவசாயிக்குப் பெரிய இழப்பு.

நிலம் எடுப்பு அறிவிப்பு வந்தால் கவனிக்க வேண்டியவை:

1. எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கிறார்கள் என்று நோட்டீசில் முதலில் பார்க்க வேண்டும். கெடு சட்டத்துக்குச் சட்டம் மாறும்.

2. பட்டா, அடங்கல் இரண்டும் நடப்பு நிலவரப்படி இருக்க வேண்டும். மரங்கள், கிணறு, ஆழ்துளைக் கிணறு, பம்புசெட் எதுவும் அளவையில் விடுபடக் கூடாது. அவற்றுக்கும் மதிப்பு உண்டு.

3. 2013 சட்டப்படி, முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் தரலாம்.

4. தொகை குறைவென்றால், 'ஆட்சேபணையுடன் பெறுகிறேன்' என்று எழுதியே பணம் வாங்க வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கினால், கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடும். தீர்வாணை வழங்கும்போது நேரில் இருந்தவர், அன்றிலிருந்து 6 வாரத்துக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும்.