திறக்கப்படாத ஓலைகள்

2019-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ராண்டால்ஃப் என்னும் சிற்றூரின் நெடுஞ்சாலையில், பின்வண்டி பூட்டிய சரக்குந்து ஒன்று மோட்டார் சைக்கிள் குழுவொன்றோடு மோதியதில் எழுவர் மாண்டனர். சரக்குந்தை ஓட்டியவர் மாசசூசெட்ஸ் மாநில உரிமம் பெற்றவர். அதற்கு ஏறத்தாழ 6 வாரங்களுக்கு முன்னரே, கனெக்டிகட் மாநிலத்தில் குடிமயக்கத்தில் வண்டி செலுத்தியதாகக் கைதானவர். அச்செய்தியைக் கனெக்டிகட் அனுப்பியும் இருந்தது. ஆயினும் உரிமம் அவர் கையிலேயே இருந்தது. 2022-இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்துவிட்டமையால், அவரைப் பற்றி நாம் பேசுவதற்கில்லை. அந்த உரிமத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

விபத்துக்குப் பின் தேடியபோது, பிற மாநிலங்களிலிருந்து வந்த அறிவிக்கைகள் பல்லாயிரம், மாசசூசெட்ஸின் குவின்சி நகரத்து உரிமத்துறை அலுவலகத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. தலைமைப் பதிவாளர் பதவி துறந்தார்.

சட்டத்தில் குறையென்று சொல்ல இயலாது. 1960-களில் உருவான ஓட்டுநர் உரிம உடன்படிக்கையில் பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்துள்ளன. அயல் மாநிலத்தில் குடித்து வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவரை, அக்குற்றம் தன் மண்ணிலேயே நிகழ்ந்ததாகக் கொண்டு சொந்த மாநிலம் நடத்தவேண்டும் என்பது அதன் உயிர்நிலை. மாசசூசெட்ஸ் அதில் சேராத மாநிலமே. எனினும் அதன் சொந்தச் சட்டமே இக்கடமையை விதித்திருந்தது. நடுவணரசும் தேசிய ஓட்டுநர் பதிவேடு ஒன்றைப் பேணுகிறது. அதுவோ, இன்னாரின் வரலாறு இன்ன மாநிலத்தில் உள்ளது என்று கைகாட்டும் மரமேயன்றி வரலாற்றைத் தானே சுமப்பதில்லை. ஆக, எல்லாம் இறுதியில் ஓர் எழுத்தரின் மேசையில் வந்து நிற்கின்றன.

காப்பீட்டு நிறுவனமும் அந்த மேசையையே நம்பியிருக்கிறது. அதற்குத் தனிக் கண் கிடையாது. உரிமத்துறையிடம் ஓட்டுநரின் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறது. அதில் ஏறியது பிரீமியத்திலும் ஏறும். மாசசூசெட்ஸின் மிகைக்கட்டண முறையில் குடிபோதைக் குற்றத்துக்கு 5 புள்ளிகள்; 6 ஆண்டுக் கணக்கு பார்க்கப்படும். கலிபோர்னியாவில் நல்லோட்டுநர் தள்ளுபடி 10 ஆண்டுகளுக்குக் கிட்டாது. பல மாநிலங்களில், உரிமத்தை மீளப் பெற வேண்டுமாயின் எஸ்.ஆர்.22 என்னும் சான்றைக் காப்பீட்டு நிறுவனமே அரசுக்கு அளித்தாக வேண்டும். இடையில் பாலிசி அறுந்தால் நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்கும். உரிமம் மறுபடியும் முடங்கும். காப்பீட்டாரை இரக்கமுள்ளவர் என எவரும் புகழ்ந்ததில்லை. அவர் நடந்துகொள்வது கையில் கிடைத்த தாளின்படி.

அயல் மாநிலக் குற்றம் ஒவ்வொன்றும் அப்படியே செல்லுபடியாகவேண்டும் என்பது நம் கருத்தன்று. யூட்டா மாநிலத்தில் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருந்தாலே குற்றம். ஏனைய மாநிலங்களில் வரம்பு 0.08. நியூயார்க்கில் தணிந்த போதையோடு வண்டி ஓட்டுவது வெறும் போக்குவரத்து மீறலாகவே கருதப்படுகிறது. அத்தகைய தண்டனை தம் மாநிலக் குற்றத்துக்கு இணையாகாது என 1999-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் அன்று ஒருவர் உரிமம் தப்பியிருந்தால் அதில் எமக்குக் குறையில்லை. எடைபோட்ட பின் கிடைத்த விடுதலை அது. பெட்டிக்குள் கிடந்த ஓலையால் தப்புவதோ எவரும் எடைபோடாமல் கிடைப்பது. ஓலை திறக்கப்பட்டவன் உரிமத்தையும் இழந்து, ஆண்டுக்கணக்கில் மிகைக்கட்டணமும் செலுத்துகையில், திறக்கப்படாதவன் இரண்டிலிருந்தும் நழுவிவிடுகிறான்.

அறிவிக்கை வந்த இத்தனை நாட்களுக்குள் பதிவில் ஏறவேண்டும் என ஒவ்வொரு மாநிலமும் சட்டத்தால் வரையறுத்து, தவறிய அலுவலரைப் பொறுப்பாக்க வேண்டும். குவின்சியின் பெட்டிகளைத் திறந்து படித்த சில வாரங்களில் 1,000-க்கும் மேற்பட்டோரின் உரிமங்கள் முடக்கப்பட்டன. அதுவரை அவர்களின் பெயர்கள் பெட்டிகளில் இருந்தன; அவர்கள் சாலையில் இருந்தனர்.