80,000 கலம் நெல்



திருப்பனந்தாளிலிருந்து தஞ்சாவூர் போனால் நமக்குப் பெரிய கோயிலோடு பொழுது சரியாகிவிடும். அதை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவில், குளத்துக்குப் பக்கத்தில், 1779-இல் எழுந்த ஒரு தேவாலயம் இருக்கிறது. அதைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறோம். சென்ற மாதம் போய்ப் பார்த்து வந்தேன்.

கட்டியவர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். உள்ளே லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய வெண்பளிங்குச் சிற்பம். மரணப்படுக்கையில் சுவார்ட்ஸ், அவர் கையைப் பற்றியபடி பின்னாளில் தஞ்சை மன்னரான சர்போஜி. பிள்ளைப் பருவம் முதல் தன்னைக் காத்துப் படிக்கவைத்தவருக்காகச் சர்போஜியே செய்வித்தது. பாதிரியார் இறந்தது 1798 பிப்ரவரியில். அதே ஆண்டில்தான் சர்போஜி அரியணை ஏறினார். இன்னும் சில மாதம் இருந்திருந்தால் கண்குளிரப் பார்த்திருப்பார், பாவம். செயின்ட் பீட்டர் ஆலயத்திலுள்ள அவரது கல்லறையில் மன்னர் இயற்றிய ஆங்கில இரங்கற்பாவும் உண்டு.

எனக்கு என்னவோ பளிங்கில் இல்லாத கதைதான் பெரிதாகப் படுகிறது.

1780-களின் தொடக்கம். ஹைதர் அலியின் படையெடுப்பில் சீமையே சிதறிக் கிடக்க, தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. முன்பு வேலை வாங்கிக்கொண்டு கூலி தராத சர்க்காரை நம்பி யார் மாட்டை ஓட்டி வருவார்கள்? பணத்துக்கு நான் பொறுப்பு என்றார் சுவார்ட்ஸ். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார். பிறகொரு சமயம், அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்கள் அன்றைய மன்னர் அழைத்தும் திரும்பவில்லை. இவர் வாக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள். பருவம் தப்பப்போகிறதே என்று இரவு பகலாக வயலில் இறங்கினார்கள்.

இதெல்லாம் சுவார்ட்ஸே கடிதத்தில் எழுதியது. கணக்கில் கொஞ்சம் தள்ளிப் படித்தாலும் தவறில்லை. கிழக்கிந்தியக் கும்பினிக்காக ஹைதரிடம் தூது போனவரும் இவர்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் சம்சாரிக்கு, மாட்டுக்காரர்கள் ஏன் வரவில்லை என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இப்படிப் பஞ்சக் கதையோ பத்தாயக் கதையோ இருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள். பொங்கல் இதழில் அதற்கென்றே பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்